காலர் மாட்டியும் நாய் இழுக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

நடைக்குக் கூட்டிப்போனால் நாய் இழுக்கிறது என்று பயிற்சிக் காலர் வாங்குகிறவர்கள் நிறைய. வாங்கி மாட்டிய பிறகு சிலருக்குப் பிரச்சினை இரண்டாகிவிடுகிறது. இழுப்பது நிற்கவில்லை, கூடவே இருமுகிறது, அல்லது முகத்தைத் தரையில் தேய்க்கிறது, அல்லது காலரைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது. உங்கள் நாயிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பல பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதற்கும் முன்னால்

இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது, அதனால் நாய் இழுக்கிறது. நாயின் இயல்பான ஓட்டநடை நம் நடையைவிட வேகம். போதாக்குறைக்கு வழியெல்லாம் வாசனை. மரத்தடியை நோக்கி இழுத்தது, நீங்கள் இரண்டடி பின்னாலேயே போனீர்கள், மரம் கிடைத்தது. பாடம் முடிந்துவிட்டது. காலர் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. இழுப்பதைக் கொஞ்சம் சங்கடமாக்கும், அவ்வளவுதான். சங்கடத்தைவிட மரம் பெரிதாகத் தெரிந்தால் மரம்தான் ஜெயிக்கும்.

அடுத்தது லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷ் வைத்திருந்தால் முதல் வேலையாக அதை எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் முன்னால் தள்ளத் தள்ளக் கயிறு நீளும். இழுப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி யாராலும் கொடுக்க முடியாது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள சாதாரண லீஷ் போதும்.

பிறகு அளவு. காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு இதை வாராவாரம் பார்க்க வேண்டும். அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு ரோமத்துக்கு மேலேயே விரலை விட்டுப் பார்த்துவிட்டு ‘தளர்வாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வது சுலபம். ரோமத்தை விலக்கித் தோல்வரை போய்ப் பாருங்கள். அப்படியே தோல் சிவந்திருக்கிறதா, ரோமம் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது. நாயைப் பார்ப்பதற்குப் பதிலாகக் காலரில் மாட்டியிருக்கும் லீஷின் கொக்கியைப் பாருங்கள். லீஷ் தளர்ந்திருந்தால் கொக்கி தன் எடையில் கீழ்நோக்கித் தொங்கும். இறுக ஆரம்பித்ததும் படுக்கை வாட்டில் எழும். உங்கள் தோள் இழுபடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே இது தெரிந்துவிடும். இனிவரும் எல்லாமே அந்த ஒரு நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அறிகுறி: இருமல், கனைப்பு, மூச்சுத் திணறல்

இது மட்டும் காத்திருக்கக் கூடாத அறிகுறி. நடக்கும்போது நாய் இருமினால், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலக் கனைத்தால், நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தால், லீஷைக் கழுத்திலிருந்து கழற்றுங்கள். அதே காலரை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம் என்று சோதனை செய்யும் நேரம் இது இல்லை. நிறம் மாறியிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கழுத்துக்குள் மூச்சுக்குழாய், குரல்வளை, தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா மாதிரி சின்ன இனங்களில் மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோகும் நோய் அதிகம். வாத்து கத்துவதுபோன்ற வறட்டு இருமல் அதன் அடையாளம். அந்த நோய்க்குக் காலர் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற நோயை ஒவ்வோர் இழுப்பும் கிளறிவிடும். இந்த இனங்களுக்கு லீஷ் கழுத்தில் மாட்டப்படவே வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணும் இதில் சேர்த்தி. காலரில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸில் இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கண் அழுத்த நோய் உள்ள நாய்களுக்கும், பக் மாதிரி கண் பிதுங்கிய, முகம் தட்டையான இனங்களுக்கும் இது முக்கியம்.

அப்படியானால் அகலமான, மெத்தை வைத்த காலர் வாங்கிவிட்டால் சரியாகுமா? பலர் கேட்கும் கேள்வி. செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து அதில் பலவகைக் காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. வகைக்கு வகை அழுத்தம் வேறுபட்டது. ஆனால் நாய் இழுக்கும்போது காயம் வரும் ஆபத்தே இல்லை என்று சொல்லும் அளவுக்கு எந்தக் காலரும் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. நாய் இழுப்பதை நிறுத்தாதவரை லீஷை ஹார்னஸில் மாட்டுங்கள். காலர் கழுத்தில் பெயர்ப்பட்டையைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கட்டும்.

அறிகுறி: முதல் சில நாள் அருமை, அப்புறம் பழைய கதை

அடிக்கடி கேட்கிற புகார் இதுதான். புதுக் காலர் மாட்டியதும் நாய் திகைத்துப்போய்ப் பக்கத்திலேயே நடக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வாரம் திரும்புவதற்குள் அது அந்த உணர்வுக்குப் பழகிவிடுகிறது, திரும்பவும் இழுக்கிறது. உடனே இன்னும் இறுக்கமான, இன்னும் வலிக்கிற காலருக்கு மாறத் தோன்றும். மாறினால் அதற்கும் பழகும். அந்தப் படிக்கட்டில் ஏறிப் பயனில்லை.

என்ன நடந்தது என்றால், இழுப்பது பிடிக்கவில்லை என்று நாயிடம் சொன்னோம். எப்படி நடந்தால் நமக்குப் பிடிக்கும் என்பதைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் தீர்வு. காலர் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ, நாய்க்குச் சலித்துப்போன ஓர் இடத்தில் ஆரம்பியுங்கள். தெருவில் ஆரம்பித்தால் முதல் நிமிடமே தோற்றுவிடுவீர்கள். பட்டாணி அளவில் மென்மையான தின்பண்டம் ஒரு கைப்பிடி இருக்கட்டும். இரண்டு மூன்று அடி நடங்கள். கொக்கி தொங்கிக்கொண்டிருக்கும்போதே தின்பண்டத்தைக் கொடுங்கள். கொடுக்கும் கை எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயம்: உங்கள் காலை ஒட்டி, நாயின் மூக்கு உயரத்தில், கால்சட்டையின் பக்கத் தையலைத் தொடுகிற மாதிரி. கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால்தான் நிற்கும். தின்பண்டம் எங்கே விழுகிறதோ அங்கேதான் அது இருக்கப் பார்க்கும்.

கொக்கி எழும்பியதும் நின்றுவிடுங்கள். சுண்ட வேண்டாம், திட்ட வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம். லீஷ் பிடித்த கையை இடுப்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை தானாக நீண்டு அரையடி விட்டுக்கொடுத்துவிடும். அந்த அரையடியும் நாய்க்குப் பரிசுதான். நாய் திரும்பிப் பார்க்கும், அல்லது ஓர் அடி பின்னால் வரும், கொக்கி மறுபடி தொங்கும். அந்தக் கணமே நடையைத் தொடருங்கள். நின்றும் திரும்பிப் பார்க்காத நாயாக இருந்தால், உற்சாகமாகக் கூப்பிட்டபடி எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். கூடவே வந்ததும் தின்பண்டம்.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று அடிக்கு ஒரு முறை, அப்புறம் ஐந்து, பத்து என்று இடைவெளியைக் கூட்டலாம். பிறகு தின்பண்டத்துக்குப் பதிலாக வாசனையையே கூலியாகக் கொடுக்கலாம்: தளர்ந்த லீஷில் மரம்வரை வந்தால் ‘போ, மோந்துக்கோ’ என்று விட்டுவிடுங்கள். பல நாய்களுக்குத் தின்பண்டத்தைவிட இது பெரிய சம்பளம். மனிதர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம். நடை என்பதே நாய்க்காகத்தானே?

அறிகுறி: காலர் இருந்தால் சாது, கழற்றினால் முரடு

எந்தக் காலர் இருந்தால் இழுக்கக் கூடாது, எது இருந்தால் இழுக்கலாம் என்று நாய் தெளிவாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. கெட்டிக்கார நாய். மின் அதிர்ச்சி கொடுக்கும் மின்காலர், இழுத்தால் உள்பக்க முனைகள் கழுத்தில் குத்தும் முள் காலர் இரண்டிலும் இது அதிகம், ஏனென்றால் அவற்றின் எடையும் தொடுகையும் தனியாகத் தெரியும்.

மேலே சொன்ன பயிற்சியைச் சாதாரணப் பட்டைக் காலரிலோ ஹார்னஸிலோ முதலிலிருந்து செய்வதுதான் வழி. நாய் ஒழுங்காக நடப்பது காலருக்குப் பயந்து என்ற நிலை மாறி, உங்கள் பக்கத்தில் இருப்பதில் லாபம் இருக்கிறது என்ற நிலை வரவேண்டும். இரண்டையும் மாறிமாறி மாட்டிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

அறிகுறி: பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்கிறது

கிரேஹவுண்ட் மாதிரி கழுத்தைவிடத் தலை குறுகிய இனங்களிலும், பயந்த நாய்களிலும் இது சகஜம். சாதாரணக் காலரை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். மார்ட்டிங்கேல் எனப்படும் வகை இதற்கென்றே உண்டானது. பெரிய வளையம் ஒன்றும் சின்ன வளையம் ஒன்றுமாக இருக்கும். இழுத்தால் ஓரளவு மட்டும் சுருங்கி அங்கேயே நிற்கும். முழுதும் இறுகிய நிலையில் கழுத்தின் அளவுக்கு வந்து நிற்க வேண்டும், கழுத்தை நெரிக்கக் கூடாது. பெரிய வளையத்தின் இரு முனைகளிலும், சின்ன வளையம் கோத்திருக்கும் இடத்தில், ஆளுக்கொரு இணைப்பு வளையம் இருக்கும்; முழுக்க இழுத்ததும் அவை ஒன்றையொன்று முட்டினால் பட்டை தளர்வு. சரியான அளவில் அவற்றுக்கு நடுவே சிறு இடைவெளி மிச்சமிருக்கும். இது நாய் தப்பிக்காமல் இருப்பதற்கான காலர். இழுப்பதை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: சோக் செயின் இறுகுகிறது, தளர்வதில்லை

சோக் செயின் என்பது இழுத்தால் கழுத்தைச் சுற்றி இறுகும் சங்கிலிக் காலர். அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். நாய் உங்கள் இடப்பக்கம் நடந்தால், லீஷ் மாட்டும் வளையத்துக்குப் போகும் சங்கிலி கழுத்தின் மேற்பக்கமாக வர வேண்டும். அப்போதுதான் கையைத் தளர்த்தியதும் தன் எடையில் நழுவித் திறக்கும். கீழ்ப்பக்கமாக வந்தால் இறுகிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

சரியாக மாட்டினாலும், இதற்கு எல்லை கிடையாது. நாய் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். விடாமல் இழுக்கிற நாய்க்கு இதை மாட்டுவது இருமல் பகுதியில் சொன்ன எல்லாவற்றையும் வலிந்து அழைப்பதுதான். சோக் செயினோடு நாயைத் தனியாக விட்டுப்போகாதீர்கள், ஓரிடத்தில் கட்டியும் போடாதீர்கள். ஏதாவது ஒன்றில் வளையம் சிக்கினால் கழற்றிவிட ஆள் இருக்காது.

அறிகுறி: முகத்தைத் தரையில் தேய்க்கிறது, காலால் மூக்கைப் பிராண்டுகிறது

ஹெட் ஹால்டர் போட்ட நாய்கள் செய்வது இது. மூக்கைச் சுற்றி ஒரு வளையம், காதுக்குப் பின்னால் ஒரு பட்டை, லீஷ் தாடைக்குக் கீழே. தலை திரும்பினால் உடம்பும் திரும்பும், ஆகவே பெரிய நாயையும் சின்னக் கையால் பிடிக்க முடியும். நாய்க்கு வாய்ப்பூட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று தெருவில் போகிறவர்கள் விலகி நடப்பார்கள், அது வேறு. சரியான ஹால்டரில் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்பண்டம் வாங்கலாம்.

அது பிராண்டுவதற்குக் காரணம் நமது அவசரம். பெட்டியைப் பிரித்த அன்றே மாட்டித் தெருவுக்குப் போனால் எந்த நாய்க்கும் பிடிக்காது. மூக்கு வளையத்தைக் கையில் விரித்துப் பிடித்து, அந்தப் பக்கம் தின்பண்டத்தை வையுங்கள். நாய் தானாக மூக்கை நுழைத்து எடுத்துக்கொள்ளட்டும். காதுக்குப் பின்னால் வரும் பட்டையை மாட்டாமல் இதையே பல தடவை. அப்புறம் ஒரு நொடி மாட்டிக் கழற்றுவது, பிறகு சில நொடி, பிறகு மாட்டியபடியே வீட்டுக்குள் சாப்பிடுவது. ஒருவார காலம் எடுத்தாலும் நஷ்டமில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஹால்டரில் லீஷைச் சுண்டக் கூடாது. நாய் ஓடிவந்து லீஷின் முடிவில் முட்டி நிற்கவும் விடக்கூடாது, தலை சட்டென்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே இதற்கு நீளமான லீஷ் ஆகாது. மூக்கு வளையம் சில சமயம் நழுவிவிடும் என்பதால், ஹால்டரையும் சாதாரணக் காலரையும் சேர்த்து ஒரு சின்ன இணைப்புப் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். முகம் தட்டையான இனங்களுக்கு வளையம் உட்கார இடமே இல்லை, அவற்றுக்கு ஹார்னஸ்தான்.

அறிகுறி: ஹார்னஸ் போட்டபின் இன்னும் பலமாக இழுக்கிறது

லீஷ் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். முதுகில் மாட்டினால் கழுத்துக்கு நிம்மதி, ஆனால் மார்பு முழுவதையும் வைத்துத் தள்ள நாய்க்கு வசதி. வண்டிமாட்டுக்கு நுகத்தடி எதற்கு என்று யோசித்தால் புரிந்துவிடும். மார்புக்கு நேராக வளையம் உள்ள ஹார்னஸில் இழுத்தால் நாய் பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பிவிடும்.

அந்த வளையம் ஒரு பக்கமாகச் சரிந்துபோனாலோ, மார்புப் பட்டை முன்னங்கால்களின் மேல் தொங்கினாலோ அளவு சரியில்லை. அக்குளில் ரோமம் தேய்ந்திருந்தால் வயிற்றுப் பட்டை முன்னால் அதிகம் வந்துவிட்டது. தோளை அசைக்க இடம் விடும் ஒய் எழுத்து வடிவ மார்புப் பட்டை, குறுக்கே போகும் பட்டையைவிட நல்லது.

அறிகுறி: மற்ற நாயைக் கண்டால் மட்டும் வெறி, காலர் போட்டபின் அது கூடிவிட்டது

எதிரில் நாய் வருகிறது. உங்கள் நாய் முன்னே பாய்கிறது. முள் காலர் குத்துகிறது, அல்லது மின்காலர் அதிர்ச்சி கொடுக்கிறது. ‘நான் பாய்ந்ததால் வலித்தது’ என்று நாய் புரிந்துகொள்ளும் என நினைக்கிறோம். ஆனால் அந்தக் கணத்தில் அதன் கண்ணில் நிறைந்திருந்தது எதிரில் வந்த நாய். அந்த மாதிரி நாய்கள் வந்தாலே வலி வரும் என்று முடிவு கட்டிவிடலாம். அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே குரைக்க ஆரம்பிக்கும். குழந்தையோ சைக்கிளோ அங்கே இருந்திருந்தால் அதன் மேலும் அந்தப் பழி விழலாம்.

சில நாய்கள் குரைக்காமல் விறைத்துப்போய் நடக்கும். ஆட்கள் இதைத் திருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வால் இறங்கி, காது பின்னால் ஒட்டி, உதட்டை நக்கிக்கொண்டே நடந்தால் அது பயத்தை அடக்கிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்காமல் கடிக்கும் நாய் உருவாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

வலி கொடுக்கும் காலரை நிறுத்துங்கள். எதிர் நாயைப் பார்த்தும் உங்கள் கையிலிருந்து தின்பண்டம் வாங்க முடிகிற தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். தின்பண்டத்தை மோந்துகூடப் பார்க்காவிட்டால் நெருக்கம் அதிகம், விலகுங்கள். அந்தத் தூரத்தில் நின்று, எதிர் நாய் தெரிந்ததும் தின்பண்டம், மறைந்ததும் நிறுத்தம். பல நாள் கழித்துத்தான் தூரத்தைக் குறைக்க வேண்டும். ஆள்மேல் பாய்ந்து கடிக்கப் போகிற அளவு என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். தின்பண்டம், பாராட்டு வைத்துப் பழக்குகிற பயிற்சியாளர் ஒருவரோடு செய்யுங்கள்.

அறிகுறி: மின்காலர் ஒரு நாள் வேலை செய்கிறது, ஒரு நாள் செய்வதில்லை

அதிர்ச்சியைத் தோலுக்குக் கடத்தும் தொடுமுனைகள் தோலில் படவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். அடர்ந்த ரோமம், தளர்ந்த பட்டை, கழுத்தைச் சுற்றி நழுவிய பெட்டி. உரிமையாளர் அதிர்ச்சியின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். நாய் கழுத்தைத் திருப்பும்போது முனை திடீரென்று தோலில் பட, கூட்டிவைத்த மொத்தமும் ஒரே அடியாக இறங்கும். நாய் அலறும்.

தொடுமுனை இருந்த இடத்தில் புண் தெரிந்தால் மின்சாரம் சுட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பல சமயம் அது அழுத்தப் புண்: இறுக்கமாக மாட்டி நாள் முழுதும் விட்டதால் வந்தது. காலரைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; ஆறும்வரை கழுத்தில் எதுவும் வேண்டாம்.

லீஷில் இழுப்பதற்கு மின்காலர் தேவை என்பதை நான் ஏற்கவில்லை. நாய் இரண்டு மீட்டர் கயிற்றின் மறுமுனையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ரிமோட் எதற்கு? பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மின்காலர் பயிற்சி தின்பண்டம், பாராட்டு வழிப் பயிற்சியைவிடச் சீராக மேலானது என்று தெரியவில்லை. மின்காலர் போட்ட நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. வேல்ஸில் 2010 முதல் அதிர்ச்சி கொடுக்கும் காலரைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. நீங்கள் இருக்கும் இடத்தில் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒருவரோடு ஒழுங்கு, இன்னொருவரோடு அட்டகாசம்

இன்னொருவர் இழுபட்டுக்கொண்டே பின்னால் போகிறார், வேறொன்றுமில்லை. எப்போதாவது ஒருமுறை பலிக்கிற இழுப்பு, எப்போதும் பலிக்கிற இழுப்பைவிட நீடித்து நிற்கும். வீட்டில் எல்லோரும் ஒரே விதியில் நடக்க வேண்டும். முடியாத நாளுக்கு, அவசரத்தில் போகிற நாளுக்கு, ஒரு வழி இருக்கிறது: பயிற்சி நடையை மார்பில் மாட்டும் ஹார்னஸிலும் மற்ற நடையை முதுகில் மாட்டும் ஹார்னஸிலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கண்டோமே, எது மாட்டினால் என்ன விதி என்று நாய் பிரித்துப் பார்க்கும் என்று; அது இங்கே உங்களுக்கு உதவும். வலிக்காத இரண்டு பட்டைகளுக்கு நடுவில் என்பதால் தீங்கும் இல்லை.

அறிகுறி: வாசலில் இருந்து முதல் பத்து நிமிடம் மட்டும் இழுக்கிறது

காலர் பிரச்சினை இல்லை. அடைத்துக்கிடந்த சக்தி. புறப்படும் முன் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் விளையாட்டு, அல்லது தரையில் தின்பண்டத்தைத் தூவித் தேடவிடுவது. லீஷை மாட்டியபின் நாய் அடங்கும்வரை கதவைத் திறக்காதீர்கள். கை கதவுக்குப் போனதும் குதித்தால் கை திரும்பி வரட்டும்.

அறிகுறி: ஒழுங்காக நடந்த நாய் திடீரென்று மாறிவிட்டது

வயது ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில் என்றால் விடலைப் பருவம்; பயிற்சியை இரண்டு படி பின்னால் கொண்டுபோய் மறுபடி தொடருங்கள். வளர்ந்த நாய் என்றால் உடம்பைப் பாருங்கள். காலரை மாட்டும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறதா, கழுத்தைத் தொட்டால் உறுமுகிறதா, காதைச் சொறிகிறதா, வீட்டுப்பக்கம் திரும்பும்போது மட்டும் இழுக்கிறதா என்று கவனித்துக் குறித்துவையுங்கள். கழுத்து வலி, காது நோய், மூட்டு வலி எல்லாவற்றிலும் இப்படி நடக்கும். குறிப்போடு, நடக்கும்போது எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குள் நாய் பதற்றத்தில் வேறு மாதிரி நடக்கும், வலி தெரியாமலே போய்விடலாம்.